கிராம நூலகத்திற்குக் கணிப்பொறிக் கணக்கு

நெற்பயிரில் பூச்சி கண்ட ஒரு விவசாயி, பயிர்ப் பாதுகாப்பு நூல் ஒன்றைத் தேடிக் கிராம நூலகத்திற்கு வருகிறார். பதிவேட்டில் நூலின் பெயர் இருக்கிறது. அலமாரியில் நூல் இல்லை. அதை எடுத்துச் சென்றவர் யார் என்று சொல்லவும் வழியில்லை. பொதுப் பணத்தில் வாங்கிய நூல் உரிய காலத்தில் உரியவர் கைக்கு எட்டாவிடில், நூலகம் இருந்தும் பயன் என்ன?

இக்குறையை நீக்கவல்ல கணிப்பொறி மென்பொருள்களுள் ஒன்று கோஹா. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா வட்டார நூலகங்களின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டுத் தேதிகளைக் கையாளாது என்ற நிலை வந்தது. ஆகவே நூலக அறக்கட்டளை 1999-இல் புதிய மென்பொருளை எழுதச் செய்து, 2000 ஜனவரியில் பயன்படுத்தத் தொடங்கியது. பின்னர் அதை யாவருக்கும் இலவசமாக வழங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்பதற்குக் கொடை என்று பொருள். இதற்கு விலையோ உரிமக் கட்டணமோ கிடையாது. கற்கும் உழைப்பே நாம் செலுத்த வேண்டிய விலை.

முதலில் பழகுவதற்கென்றே ஒரு கணிப்பொறியை ஒதுக்குக. 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணிப்பொறியே போதும். அதில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியன் என்னும் இயக்க முறைமையை நிறுவுக, அதுவும் இலவசமே. பின்னர், கோஹா குழுவினரின் இணையக் களஞ்சிய முகவரியைச் சேர்த்து, கோஹாவையும், விவரங்களைச் சேமிக்கும் மரியாடிபியையும் நிறுவுக. அடுத்து, நூலகத்திற்குச் சிறு பெயர் ஒன்றிட்டு, உரிய கட்டளையால் அதற்கான தரவுத்தளத்தை உண்டாக்க வேண்டும்.

கோஹாவுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று வாசகர் நூல் தேடுவதற்கு. மற்றொன்று நூலகர் பணி புரிவதற்கு. நூலகர் வாசலுக்கு 8080 போன்ற தனி எண்ணை அளிப்பது வழக்கம். அவ்வெண்ணைக் கோஹாவின் அமைப்புக் கோப்பில் எழுதுவதோடு, பக்கங்களை வழங்கும் அப்பாச்சி என்னும் மென்பொருளுக்கும் தெரிவித்தல் அவசியம். இதை மறந்தால் பக்கம் திறவாது. புதியவர் மனந்தளர்வது இவ்விடத்தில்தான். தவறு நேரின் அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம். பழகும் கணிப்பொறியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

பக்கம் திறந்ததும் நூலகத்தின் பெயர், உறுப்பினர் வகை, நூல் வகை, வழங்கும் விதி ஆகியவற்றைப் பதிய வேண்டும். ஒருவருக்கு எத்தனை நூல்கள், எத்தனை நாட்கள் என்பதே வழங்கும் விதி. இதைப் பதியாவிடில் நூல் வழங்க இயலாது. பஞ்சாயத்து நடத்தும் நூலகமாயின், இதை அங்கத்தினர்கள் கூடி முடிவு செய்தல் நலம்.

நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது ஒன்று உண்டு. கோஹா நாள்தோறும் தானே ஒரு காப்பு நகல் எடுக்கும்; ஆனால் அந்நகல் அதே கணிப்பொறியில் தங்கும். இடி மின்னலில் கணிப்பொறி பழுதானால் நகலும் உடன் போகும். ஆகவே வாரந்தோறும் அதை வேறொரு சேமிப்புக் கருவியில் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். விதைநெல்லை ஒரே குதிரில் வைத்துவிட்டுக் கவலையின்றி உறங்கும் குடியானவர் உண்டோ?

ஒருவர் மட்டும் கற்றால், அவர் ஊர் மாறும் நாளில் வேலையும் நின்றுவிடும். ஆகவே ஊரிலுள்ள படித்த இளைஞர் இருவரைப் பழக்குக. 100 நூல்களை முதலில் பதிந்து, பதிவேட்டுடன் ஒப்பிட்டு, பிழையில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றைப் பதிக. அதுவரை பழைய பதிவேடும் நடக்கட்டும். அவ்வாறு செய்தால், அடுத்த முறை நூல் தேடி வரும் விவசாயிக்கு அது யாரிடம் இருக்கிறது, என்று திரும்பும் என்ற விடை உடனே கிடைக்கும்.