வெளிநாடு போய்வந்த பிள்ளை, பின்னாலேயே வந்த பில்

பள்ளிச் சுற்றுலா என்று சிங்கப்பூருக்கோ, கோடை விடுமுறைக்கு லண்டனில் இருக்கும் சித்தி வீட்டுக்கோ பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையை அனுப்பிவைப்பது இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. பிள்ளை பத்திரமாகத் திரும்பி, கொண்டுவந்த சாக்லெட்டெல்லாம் தீர்ந்த பிறகு போஸ்ட்பெய்டு பில் வருகிறது. மாதாமாதம் ஐந்நூறு, அறுநூறு கட்டிவந்த எண்ணுக்கு நாற்பதாயிரம், எழுபதாயிரம், சமயத்தில் லட்சத்தைத் தாண்டியும் ஒரு தொகை. அடுத்த நிமிடமே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும்: "அப்படி என்னதான்டா பார்த்த?"

அவனிடம் பதில் இருக்காது. மறைக்கிறான் என்று நினைத்துக் குரலை உயர்த்துவோம். ஆனால் பெரும்பாலும் அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. தங்கியிருந்த இடத்தில் வைஃபை இருந்தது, வெளியே போனபோது நாலு ரீல்ஸ் பார்த்தான், நண்பர்களுக்கு ஸ்டேட்டஸ் போட்டான், அவ்வளவுதான் அவன் நினைவில் இருப்பது. எனவே பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முதலில் பில்லை விசாரியுங்கள். பிள்ளையிடம் அப்புறம் வரலாம்.

ஏன் என்பதற்கு, ரோமிங்கில் நெட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் இறங்கியதும் போன் அங்குள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் டவரைப் பிடிக்கிறது. ஆனால் அங்கிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை. பெரும்பாலான ரோமிங் இணைப்புகளில் அந்த டேட்டா முழுவதும் நம் ஊர் நிறுவனத்தின் கணினிக்கு வந்து, அதன் வழியாகவே இணையத்துக்குப் போய்த் திரும்புகிறது. அதாவது எத்தனை எம்.பி. செலவானது என்பது, செலவாகிக்கொண்டிருக்கும்போதே இங்கே பதிவாகிறது. அழைப்புகளின் கதை கொஞ்சம் வேறு. அந்தக் கணக்கை வெளிநாட்டு நிறுவனம் எழுதி அனுப்ப வேண்டும். அதைக்கூட நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பிவிடும் ஏற்பாடு, மோசடியைத் தடுப்பதற்காக, 2008 முதலே உலகெங்கும் உள்ள நிறுவனங்களுக்கு இடையில் இருக்கிறது. ஆக, மீட்டர் நிறுவனத்தின் கண்ணெதிரே ஓடுகிறது. போனைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது தெரிவதே இல்லை. ஆட்டோவில் ஏறினால் மீட்டரையாவது பார்க்கலாம். இங்கே அதுவும் கிடையாது.

ரோமிங் பேக் எதுவும் போடாமல் போகும் எண்ணுக்கு என்ன விலை விழும் என்று பாருங்கள். ஒரு எம்.பி.க்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜிபி என்பது 1024 எம்.பி. கணக்கு 5,12,000 ரூபாய்க்கு வந்து நிற்கும். நம் ஊரில் ஒரு பிள்ளை ஒரே நாளில் தீர்த்துவிடும் அளவுதான் அந்த ஒரு ஜிபி. அதிலும் பாதி அவன் கை வைக்காமலே போயிருக்கும். எடுத்த படங்கள் தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏறும், வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோக்கள் தானாக இறங்கும், ஆப்கள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ளும். அவன் தூங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் பணம் ஓடியிருக்கும்.

இது நம் வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பின்மை என்று நினைப்பவர்களுக்காகச் சில நிகழ்வுகள். பிரான்ஸுக்குப் போன ஒரு ஜெர்மானியர் அங்கிருந்து ஒரு டிவி நிகழ்ச்சியை டவுன்லோடு செய்தார். பில் 46,000 யூரோ. வெளிநாட்டில் ஒரு மாதம் படிக்கப்போன பிரிட்டன் மாணவர் ஒருவருக்கு ஏறத்தாழ 9,000 யூரோ. 2010-ல் புதிய விதியைக் கொண்டுவந்தபோது ஐரோப்பிய ஆணையமே எடுத்துக்காட்டிய வழக்குகள் இவை. 2011-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பெண்ணுக்கு 2,01,000 டாலர் பில் வந்தது. அவருடைய கணக்கில் இருந்த, காது கேளாத சகோதரர் கனடாவில் இரண்டு வாரம் இருந்தபோது மெசேஜும் வீடியோவுமாகப் பயன்படுத்தியதன் விளைவு. ஒரு தொலைக்காட்சி தலையிட்டதும் நிறுவனம் அதை 2,500 டாலராகக் குறைத்தது. சமீபத்தில், 2024-ல் வெளியே வந்த இன்னொரு வழக்கில், சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போன வயதான ஃப்ளோரிடா தம்பதிக்கு 9.5 ஜிபிக்கு 1,43,000 டாலர். கடைசியில் அது முழுமையாகவே தள்ளுபடி.

இரண்டு லட்சம் எப்படி இரண்டாயிரத்து ஐந்நூறாக முடிந்தது? அந்தத் தொகை நிறுவனத்துக்கு உண்மையில் ஆன செலவாக இருந்திருந்தால் அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்திருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு ரோமிங் டேட்டாவுக்காகத் தரவேண்டிய உச்ச விலையைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது. 2017-ல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ. 2025-ல் 1.30 யூரோ, நம் கணக்கில் நூற்றுச் சொச்சம் ரூபாய். இந்த விலை நம் நாட்டு நிறுவனங்களுக்குப் பொருந்தாது, அவை தனித்தனியாகப் பேரம் பேசித்தான் வாங்குகின்றன. ஆனாலும் ஒரு ஜிபியைக் கடத்துவதற்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதற்கு இது ஒரு குறிப்பு. கஸ்டமர் கேரோடு பேசும்போது இந்தத் தெளிவு மனதில் இருந்தால் குரலில் தயக்கம் வராது.

ஐரோப்பியர்கள் இதைப் பிள்ளைகளைத் திட்டித் தீர்க்கவில்லை, விதி போட்டுத் தீர்த்தார்கள். 2010 ஜூலை முதல், வாடிக்கையாளர் வேறு வரம்பு கேட்காதவரை, ரோமிங் டேட்டா மாதத்துக்கு 50 யூரோவைத் தொட்டதும் இணைப்பு நின்றுவிட வேண்டும். 80 சதவீதத்திலேயே எச்சரிக்கை போக வேண்டும். 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே இல்லை. 2022-ல் அந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்துவிட்டார்கள். இங்கே நம் புலம்பெயர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சுவிட்சர்லாந்து இந்த ஒன்றியத்தில் இல்லை. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருக்கும் பிள்ளை, சூரிச்சில் இருக்கும் மாமா வீட்டுக்கு ரயிலேறும் முன் தன் பிளானில் சுவிஸ் உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

நம் நாட்டில் அந்த அளவு கறாரான தானியங்கித் தடை வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நம்மிடமும் பிடித்துக்கொள்ளச் சில கயிறுகள் இருக்கின்றன. போஸ்ட்பெய்டு எண் ஒவ்வொன்றுக்கும் கடன் வரம்பு உண்டு. அதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், 80 சதவீதத்தை எட்டும்போது தெரிவிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-லேயே உத்தரவிட்டது. நான்காயிரம் ரூபாய் வரம்புள்ள எண்ணில் எழுபதாயிரம் ஓடியிருந்தால், முதல் கேள்வி நிறுவனத்துக்கு. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு எச்சரிக்கை அனுப்பினீர்கள்? குடும்ப பிளானில் இது மிக முக்கியம். எச்சரிக்கை பிள்ளையின் எண்ணுக்கு மட்டும் போயிருக்கலாம், பணம் கட்டும் அப்பாவுக்கு வராமலே இருந்திருக்கலாம்.

"பையன் மைனர், அதனால் பில் செல்லாது" என்று வாதாடலாமா என்று சிலர் யோசிப்பார்கள். பயன்படாது. பதினெட்டு வயது ஆகாதவரோடு செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது உண்மைதான். ஆனால் பதினெட்டு ஆகாதவருக்கு இங்கே சிம்மே தருவதில்லை. பிள்ளை கையில் இருப்பது அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்கிய சிம். ஒப்பந்தமும் அவர்களுடையது.

சரி, பில் கையில் இருக்கிறது. முதல் காரியம், ஆட்டோ டெபிட்டைக் கவனிப்பது. கார்டு அல்லது யூபிஐ வழியாகத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில் தொகையை உங்கள் தனி ஒப்புதல் இல்லாமல் எடுக்க முடியாது. அந்த மெசேஜை வழக்கம்போலத் தள்ளிவிடாமல் பாருங்கள்.

அடுத்து, விவரமான பில்லைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் உள்ள பக்கம் போதாது, ஒவ்வொரு இணைப்பும் தேதி, நேரம், எம்.பி.யோடு வேண்டும். அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து, பயண டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பில்லில் உள்ள நேரம் இந்திய நேரமா அந்த நாட்டு நேரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் இந்த வேலையை மிகவும் வலியுறுத்துவேன். ஏனென்றால் வில்லங்கம் பெரும்பாலும் இந்த வரிகளில்தான் ஒளிந்திருக்கும். பேக் போட்டிருந்தும், விமானம் மாறுவதற்காக இறங்கிய நாடு அந்தப் பேக்கில் இல்லாமல் இருந்திருக்கும். பேக்கின் நாள் கணக்கு முதல் நாள் நள்ளிரவோடு முடிந்திருக்கும். சுற்றுலாக் கப்பலில் ஏறியிருந்தால், கரையின் சிக்னல் மறைந்ததும் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்திருக்கும். சாதாரண ரோமிங் பேக்குகள் பலவற்றில் அது சேராது. எல்லைப் பகுதிகளில், நாட்டை விட்டு நகராமலே பக்கத்து நாட்டு டவரில் மாட்டிக்கொள்வதும் உண்டு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் மலேசிய சிக்னல் பிடிக்கும். தனுஷ்கோடிக்குப் போனவர்களிலும் சிலர், இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்பு மெசேஜ் வந்ததாகச் சொல்வதுண்டு.

பிறகு புகார். போனில் பேசினால் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: அந்த நாட்களுக்கு உங்கள் ரோமிங் பேக் போட்டிருந்தால் என்ன தொகை வந்திருக்குமோ, அந்தக் கணக்கில் பில்லை மாற்றித் தாருங்கள். நியாயமான கோரிக்கை இது. கோபத்தைவிட இதற்குப் பலன் அதிகம். உங்களுக்குச் சந்தேகமில்லாத பகுதியை, அதாவது வழக்கமான மாத வாடகையை, கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். தகராறில் உள்ள தொகையை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஒன்றுமே கட்டாமல் சும்மா இருந்தால் இணைப்பும் போகலாம், கடன் மதிப்பெண்ணிலும் கறை விழலாம்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை, தனிநபர் புகாரைத் தீர்ப்பது அதன் வேலை அல்ல. நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசலாம். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசிப் பில் தகராறுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகக் கூடாது என்று 2009-ல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் நெடுநாள் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், தாராளமாகப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டிவந்தவர். ஒரு மாதம் அவருக்கு வந்த பில் 24,609 ரூபாய் 51 காசு.

இத்தனையும் நடக்கும்போது பிள்ளை அந்த அறையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பில்லின் வரிகளை அவனே அடிக்கோடு போடட்டும், மின்னஞ்சலை அவளே முதலில் எழுதிப் பார்க்கட்டும். ஒரு பெரிய நிறுவனத்தோடு மரியாதையாக, விடாப்பிடியாக எப்படிப் பேசுவது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அந்த வயதில் அமையாது. பணத்தில் அவனுக்குப் பங்கு வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அளவோடு. கிளம்பும் முன் பேக் போடச் சொல்லியும் போடாமல் விட்டிருந்தால், அந்தப் பேக்கின் விலை அவன் பங்கு. எச்சரிக்கை மெசேஜைப் பார்த்த பிறகும் வீடியோ ஓடியிருந்தால், அதில் ஒரு பகுதியைக் கைச்செலவுப் பணத்திலிருந்து சில மாதங்கள் தரட்டும். முழு எழுபதாயிரத்தையும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் கட்டி, சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது கொடுமை. அந்த விலையை நிர்ணயித்தவன் அவன் அல்ல.

அடுத்த பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை கால் மணி நேர வேலை. போனில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் ரோமிங்கின்போது எதுவும் தானாக இறங்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். படங்களின் பேக்கப் வைஃபையில் மட்டும். விமானத்திலும் கப்பலிலும் ஏர்பிளேன் மோட். நெட் அவசியம் என்றால் அங்கே கிடைக்கும் ப்ரீபெய்டு சிம்மோ பயண இ-சிம்மோ வாங்கிக் கொடுங்கள். பணம் தீர்ந்தால் அது தானாக நின்றுவிடும்.

ஆனால் அழைப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடிவிடாதீர்கள். பில்லுக்குப் பயந்த பிள்ளை, அறியாத ஊரில் வழி தவறி நிற்கும்போதும் "அப்பா திட்டுவாரே" என்று போனை எடுக்கத் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய விலை எந்த ரோமிங் கட்டணத்தையும்விடப் பெரியது. புறப்படும் நாளன்று அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "நெட் வேணும்னா வைஃபைக்குக் காத்திரு. எங்கேயாவது பயமா இருந்தா, வழி தெரியலைன்னா, உடனே கூப்பிடு. எவ்வளவு ஆகும்னு யோசிக்காதே, அதை நான் பார்த்துக்கறேன்."