டவர் எங்கே நிற்க வேண்டும்?

பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வரப்போகிறதாம். தடுப்பது எப்படி என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டவரை விரட்டினால் அந்தப் பயம் தீருமா?

டவருக்கான இடத்தை முதலில் வரைபடத்தில் ஒரு வட்டமாகத்தான் குறிப்பார்கள். ‘சர்ச் ரிங்’ என்று பெயர். அதற்குள் வாடகைக்குச் சம்மதிக்கும் கட்டடத்தையோ காலி மனையையோ தேடுவார்கள். உயரமான இடமாகப் பார்த்து வைத்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்தில் அளவுக்கு மீறிய உயரத்தில் வைத்தால், அந்த அலை தன் எல்லையைத் தாண்டிப்போய் அடுத்த டவரின் வேலையைக் கெடுக்கும். அதனால் ஆன்டெனாவின் முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். மேலிருந்து கீழாக அந்த அலைக்கற்றையின் அகலம் பெரும்பாலும் பத்து டிகிரிக்குள்தான். மாடியில் நின்று ஹோஸ் முனையை விரலால் அழுத்தித் தோட்டத்துக் கொய்யாவுக்குத் தண்ணீர் பீய்ச்சுவேன். சுவரோரத் துளசிக்குச் சில துளிகள்தான் விழும். டவருக்கு நேர் கீழே உள்ள வீட்டின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

என்னை வியக்க வைப்பது இன்னொன்று. நாம் பேசும்போது நம் போன் எவ்வளவு சக்தியில் அலையை அனுப்ப வேண்டும் என்பதை டவர்தான் சொல்கிறது. 3ஜியில் இந்தக் கட்டளை நொடிக்கு 1,500 முறை வரும்! அருகிலிருக்கும் போன் உரக்கக் கத்தினால் தொலைவிலிருப்பவரின் குரல் அமுங்கிவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை போகும். டவர் அருகே இருந்தால் சில மில்லிவாட்டே போதும். டவரைத் தெருக்கோடிக்கு அப்பால் துரத்தினால், காதோடு ஒட்டியிருக்கும் போன்தான் கூடுதலாக உழைக்கும். குழந்தையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு டவருக்கு எதிராகக் கையெழுத்து வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குமேல் டவர் கதிர்வீச்சு இருக்கக் கூடாது என்பது 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டு விதி. இன்னொரு பக்கம், 4ஜியே எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுசேர்க்க 2022இல் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடுகிறவர்களின் அவஸ்தை நகரத்தில் இருக்கும் நமக்குத் தெரிவதில்லை.

வாசகி கேட்க வேண்டியவை வேறு. அந்தப் பழைய கட்டடம் இத்தனை பாரத்தைத் தாங்கும் என்று பொறியாளர் சான்று கொடுத்திருக்கிறாரா? டீசல் ஜெனரேட்டரை எங்கே வைக்கப்போகிறார்கள், அதன் புகைக்குழாய் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கும்? இவற்றை வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.