மேட்டுக்குப் பின்னால் மறைந்த படை

வரலாற்றுப் பாடத்தில் போர் வந்தால் கூடவே ஒரு வரைபடமும் வரும். சிவப்பு அம்பு இந்தப் பக்கம், நீல அம்பு அந்தப் பக்கம், நடுவில் வெறும் வெள்ளைத் தாள். சண்டை நடந்ததென்னவோ அந்த வெள்ளை இடத்தில்தான்! அங்கே என்ன இருந்தது என்று பார்க்க ஒரு போர்க்களத்துக்கே போவோமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்று ஓர் ஊர். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் 1863 ஜூலை 1 முதல் 3 வரை இங்கே கடும் சண்டை. மூன்றாம் நாள் பிற்பகலில் தெற்குத் தளபதி ராபர்ட் லீ ஏறக்குறைய 12,500 வீரர்களைத் திறந்த வயல்வெளிக்குள் அனுப்பினார். எதிர் மேட்டில், கற்சுவருக்குப் பின்னால் வடக்குப் படை காத்திருந்தது. போனவர்களில் பாதிப் பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

இப்போது அந்த இடம் தேசியப் பூங்கா. பள்ளி மாணவர்கள் வந்து அதே வயலில் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நடந்து பார்க்கிறார்கள். தூரம் சுமார் 1,200 மீட்டர். அன்றைய படைப் பயிற்சியில் சாதாரண நடை என்றால் நிமிடத்துக்கு 90 எட்டு. ஓர் எட்டு 71 சென்டிமீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 64 மீட்டர். கடக்க 19 நிமிடம் ஆகும். நடுவில் சாலையோர மரவேலியை வேறு ஏறித் தாண்ட வேண்டும். குண்டு மழையில் 19 நிமிடம்! புத்தகத்தில் இது ஒரு வரி, அவ்வளவுதான்.

நடக்கும்போது இன்னொன்றும் தெரியவரும். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் சமதளம் போலத்தான் இருக்கும். ஆனால் மெல்ல ஏறி இறங்கும் நிலம் அது. பள்ளத்தில் இறங்கினால் எதிர்ச் சுவர் கண்ணுக்கு மறைந்துவிடும். சுவரில் நிற்பவருக்கு நீங்களும் மறைந்துவிடுவீர்கள்.

ஏன்? ஒளி நேர்கோட்டில் செல்வதால்தான். உங்கள் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 200 மீட்டர் தள்ளி 3 மீட்டர் உயர மேடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்து மேட்டின் உச்சியைத் தொட்டு ஒரு கோடு இழுத்து அப்படியே நீட்டுங்கள். 400 மீட்டரில் அந்தக் கோடு 4.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே அதற்குக் கீழே இருப்பது எதுவும் உங்கள் கண்ணில் படாது. ஒரு படையே நின்றாலும் சரி.

இந்தக் கணக்கைப் போர்க்களத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணினியில் போட்டுப் பார்த்தார் புவியியலாளர் ஆன் கெல்லி நோல்ஸ். நிலத்தின் பழைய உயரங்களுக்கு அவருக்கு உதவியது, போர் முடிந்த சில ஆண்டுகளில் அளந்து வரைந்த ஒரு வரைபடம். நான்கு அடிக்கு ஒரு சம உயரக் கோடு போட்ட அருமையான வேலை அது! அளக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய வாரன், அதே போரில் வடக்குப் படையின் பொறியாளராக இருந்தவர். கணக்கு என்ன சொன்னது? லீ பார்த்த இடங்களிலிருந்து வடக்குப் படையில் பெரும்பகுதி தெரிந்திருக்காது. லீ ஏன் அப்படி ஒரு கட்டளை இட்டார் என்ற கேள்விக்கு இது முழு விடை ஆகாது. ஆனாலும் முக்கியமான துண்டு.

மாணவர்களும் இதைச் செல்பேசியிலேயே செய்யலாம். ஒருவர் சுவரருகே கண் உயரத்தில் செல்பேசியைப் பிடித்துப் படமெடுக்க வேண்டும். இன்னொருவர் சிவப்புத் துணி கட்டிய கழியுடன் நடக்க வேண்டும். துணி எந்த விநாடியில் மறைகிறது, எப்போது மீண்டும் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, நிலத்தின் உயர வரைபடத்தைக் காணொளியின் கீழே ஓடவிடலாம். அன்றைய வீரர்களின் கடிதங்களைப் பின்னணியில் வாசிக்கலாம். ட்ரோன் மட்டும் கூடாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அதற்குத் தடை. நல்லதுதான் என்பேன். 1863இல் வானத்திலிருந்து அந்த வயலை யார் பார்த்தார்கள்?

மரங்களையும் கவனிக்க வேண்டும். போருக்குப் பின் முளைத்த மரம் பார்வையை மறைத்தால் சோதனை தப்பாகிவிடும். அதனால்தான் பூங்காக்காரர்கள் பின்னாளில் வளர்ந்த காடுகளைப் பல இடங்களில் வெட்டிவிட்டு, அன்று பழத்தோட்டம் இருந்த இடங்களில் மறுபடியும் பழமரங்கள் நட்டிருக்கிறார்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. அதே மேடு, அதே 400 மீட்டர். அங்கே ஒரு வீரர் பிடித்திருக்கும் கொடியின் உச்சி 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் நின்ற அதே இடத்தில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அதிகாரியின் கண் 2.5 மீட்டர் உயரத்தில். அவருக்குக் கொடி தெரியுமா? தெரிந்தால் எத்தனை சென்டிமீட்டர்?