நூறு ரூபாய் எங்கே போகுது?

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் நிவாரண நிதிக்காக உண்டியல் தூக்கியிருக்கீங்களா? காசு விழறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி விழும். "ஏ தம்பி, நான் போடுத நூறு ரூவால எவ்ளோ போய்ச் சேரும்?" டீக்கடை அண்ணாச்சி விவரமானவர். "முழுசும் அண்ணாச்சி!" என்பதுதான் நம்ம பசங்களின் வழக்கமான பதில்.

முழுசும் சேருமா?

2023 டிசம்பர் 17, 18-ஐ நம்ம பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கிட்டாங்க. அந்தப் பக்கமெல்லாம் ரோடே இல்லை. அரிசி மூட்டை தானா நடந்து போகாது பாஸ்! லாரி வாடகை, டீசல், ஏத்தி இறக்கக் கூலி, எந்தத் தெருவுக்கு என்ன வேணும்னு விசாரிக்க ஆள், கணக்கு எழுத இன்னொரு ஆள். இத்தனையையும் 'நிர்வாகச் செலவு'னு ஒரே மூட்டையில் கட்டி முறைக்கிறோம். நூறு சதவீத எஃபிஷியன்சியில் ஓடும் இன்ஜின் கிடையாதுன்னு தெர்மோடைனமிக்ஸில் எழுதி மார்க் வாங்குற நாமளே, தொண்டு நிறுவனத்திடம் மட்டும் அதை எதிர்பார்க்கிறோம்.

அந்தச் செலவு பண்ண ஆள் இல்லைன்னா என்ன ஆகும்? 2004 சுனாமியப்போ நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியா பழைய துணி போச்சு. பிரிச்சு, தேவையானவங்களுக்குச் சேர்க்க வழியில்லாம ரோட்டோரம் குவிஞ்சு கிடந்தது. கொடுத்தவங்களுக்குப் புண்ணியம், ஊருக்குக் குப்பை.

'அப்ப பாலம் கலியாணசுந்தரம்?'னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்ம மாவட்டத்து மேலக்கரிவேலங்குளத்துக்காரர். 1962 சீனப் போரப்போ கழுத்துச் செயினைக் கழற்றி காமராஜரிடம் கொடுத்தவர். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கல்லூரியில் நூலகராக இருந்த முப்பது வருஷத்துக்கும் மேல, சம்பளம் மொத்தத்தையும் ஏழைகளுக்கே கொடுத்தார். தன் சாப்பாட்டுக்கு? ஹோட்டலில் சர்வர் வேலை! ஓய்வுக்குப் பிறகு அவர் தொடங்கியதுதான் 'பாலம்'. கொடுக்க நினைக்கிறவங்களிடம் வாங்கி, தேவைப்படுறவங்க கையில் சேர்க்கிறது அதன் வேலை. 2023-ல் பத்மஸ்ரீ கிடைச்சது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அங்கேயும் நிர்வாகச் செலவு பூஜ்யம் இல்லை. தன் உழைப்பாலும் வயிற்றாலும் அதை அவரே கட்டினார். ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டார். மத்த இடங்களில் வேலை பார்க்கிறவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் உண்டு.

அதுக்காக எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பச் சொல்லலை. நிர்வாகம்கிற பேரில் ஏ.சி. காரில் சுத்துறவங்களும் இருக்காங்க. அரசாங்கமும் கடிவாளம் போட்டிருக்கு. வெளிநாட்டுப் பணத்தில் பாதி வரை நிர்வாகத்துக்குச் செலவழிக்கலாம்னு இருந்ததை, 2020-ல் 20 சதவீதமாக் குறைச்சாங்க. வரிவிலக்கு வேணும்னா, வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறக்கட்டளை தன் நோக்கத்துக்கே செலவு பண்ணணும். மிச்சம் பிடிக்கணும்னா காரணம் எழுதிக் கொடுக்கணும்.

ஆனா சதவீதத்தை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். டீசலை 'நிவாரணம்'னும் எழுதலாம், 'நிர்வாகம்'னும் எழுதலாம். அதனால ஆடிட் பண்ணின வரவு செலவைக் கேட்டு வாங்கிப் பாருங்க. வெள்ளத்துக்குன்னு வாங்கினது வெள்ளத்துக்கே போச்சா, இன்னும் பேங்கில் தூங்குதான்னு பாருங்க. தண்ணி வடிஞ்சு ஆறு மாசம் கழிச்சும் அந்த ஊருக்குப் போனாங்களான்னு விசாரிங்க. கேட்டதும் கோபப்படுற இடத்தில் பர்ஸைத் திறக்காதீங்க.

ஒரு கொசுறுத் தகவல்: எல்லாரும் சொல்லிப் பழகின '80ஜி' வரிச் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா கிடைக்காது. செக்கோ, ஜி.பே-யோதான். அப்பாகிட்ட இப்பவே சொல்லி வைங்க!