வளரிளம் பெண்ணும் வீட்டு ரகசியங்களும்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது பள்ளி நூலகத்துக்கு நூல்கள் பார்த்துவரப் போவது என் வழக்கம். அப்படிப் போன ஓர் ஆண்டில் எனக்கென வாங்கியது சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. 2004இல் காலச்சுவடு வெளியிட்ட நாவல். இதை மாணவியர் கையில் கொடுக்க நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கற்பிக்கும் நாம் படிக்க வேண்டிய நூல் என்பேன்.

சிற்றூர் ஒன்றின் முஸ்லிம் குடும்பங்களைப் பற்றிய கதை. அதில் ரபியா என்றொரு சிறுமி வளர்கிறாள். கணவனை விட்டுவந்த உறவுப்பெண், திருமணத்துக்குள் துயரப்படும் இன்னொருத்தி, பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் செய்திகள் என எல்லாமே அவளைச் சுற்றி நடக்கின்றன. ஆனால் அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லை. பாதி காதில் விழுந்ததை வைத்து மீதியை அவளே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சல்மாவின் சொந்த வாழ்க்கையும் இதற்குத் தொலைவில் இல்லை. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்தவர். பூப்பெய்திய வயதில் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டார். திருமணத்துக்குப் பின் மறைவாகவே எழுதினார். எழுதுபவர் யாரென்று தெரியாமலிருக்கப் புனைபெயர் வைத்துக்கொண்டார். அவருடைய கவிதைகள் வெளியுலகை அடைய உதவியவர் அவருடைய தாய். 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். பாதியில் நின்ற ஒரு மாணவிக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

இது ஒரு மதத்தின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டைப் பகுதியில் பூப்பெய்தியதற்காகத் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். 2025 ஏப்ரலில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மாதவிடாய்க் காலம் என்பதால் வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வு எழுதினாள். முதல் நிகழ்வு வீட்டில் நடந்தது. இரண்டாவது பள்ளியிலேயே நடந்தது.

நம் வகுப்பிலும் ஒரு பெண் இரண்டு வாரம் வராமல் இருப்பாள். கேட்டால் "தண்ணி ஊத்தறாங்க டீச்சர்" என்று தோழி காதோடு சொல்வாள். திரும்பி வரும்போது கலகலப்பாக இருந்தவள் கடைசி வரிசைக்குப் போயிருப்பாள். அந்த இரண்டு வாரத்தில் அவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 'தொடாதே, போகாதே, பேசாதே' என்ற கட்டளைகள்தான். காரணம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஆசிரியர் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ரகசியமாகவே இருக்கக் கூடாதது: உடலைப் பற்றிய அறிவு. ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே, முதல் மாதவிடாய்க்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்காக வராமல் இருப்பது இயல்பு. அது தீட்டோ நோயோ அன்று. தாங்க முடியாத வலியோ ஏழு நாளைத் தாண்டிய போக்கோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2012இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில் வரும் நாப்கின்களை மறைத்துக் கொடுக்காமல் இயல்பாகக் கொடுப்பதும் ஒரு பாடமே. ஆண் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும். கேலி அப்போதுதான் குறையும்.

இரண்டாவது, குடும்பத்தின் அந்தரங்கம். அப்பா பிரிந்து போயிருக்கலாம். அம்மா மறுமணம் செய்திருக்கலாம். பிள்ளை தத்தெடுக்கப்பட்டவளாக இருக்கலாம். இதைத் தோண்டிக் கேட்பது நம் வேலை இல்லை. தெரியவந்தால் ஆசிரியர் அறையில் பேசுபொருளாக்கவும் கூடாது. 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது 'எனக்குப் பிடித்த பெரியவர்' என்று தலைப்பை மாற்றினால் ஒரு பெண் அழாமல் எழுதுவாள்.

மூன்றாவது, காக்கவே கூடாத ரகசியம். பாலியல் துன்புறுத்தல் அவ்வகை. வீட்டு மானம் என்று சொல்லி மூடப்படுவது பெரும்பாலும் இதுதான். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரியவந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். 18 வயதுக்கு முன் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தாலும் உடனே தகவல் கொடுக்க வேண்டும். 1098, 14417 ஆகிய எண்கள் ஒவ்வொரு மாணவிக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்று ஒரு பெண் தொடங்கினால், சரி என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பின்னர் அதை மீற நேர்ந்தால் அவளுக்கு நம் மீதும் நம்பிக்கை போய்விடும். "நீ சொன்னது நல்லது. உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன். உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு குறுக்குக் கேள்வி கேட்காமல் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் அன்றைக்கே தெரிவியுங்கள்.

ரபியாவைப் போன்ற சிறுமிகள் நம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாதபோது, கேட்க ஒரு டீச்சராவது இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் திரும்பி வந்தால், அவளுடைய பழைய இடத்தை அவளுக்காகக் காலியாக வைத்திருங்கள்.