தஞ்சாவூர் – சென்னை பயணத் தொலைவு

தஞ்சாவூர் – சென்னை பயணத் தொலைவு என்பது காவிரிப் படுகையிலுள்ள தஞ்சாவூருக்கும் தமிழ்நாட்டின் தலைநகரான சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவாகும். இது வான்வழியாக ஏறத்தாழ 282 கி.மீ, சாலை வழியாக ஏறத்தாழ 340 கி.மீ, தொடர்வண்டி வழியாக ஏறத்தாழ 351 கி.மீ ஆகும். 2024 ஆம் ஆண்டு நிலவரப்படி இரு நகரங்களுக்கும் இடையே நேரடி பயணியர் விமான சேவை இல்லை. எனவே வான் தொலைவைக் கொண்டு கணக்கிடப்படும் பறப்பு நேரம், உண்மையான பயண நேரத்திலிருந்து பெரிதும் வேறுபடுகின்றது.

வான் தொலைவு

புவிப்பரப்பில் இரு இடங்களுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய தொலைவே வான் தொலைவு எனப்படுகின்றது. தஞ்சாவூர் 10.79° வடக்கு, 79.14° கிழக்கிலும், சென்னை 13.08° வடக்கு, 80.27° கிழக்கிலும் அமைந்துள்ளன. அட்சரேகை வேறுபாடு 2.29°. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ எனக் கொண்டால் இது 254 கி.மீ ஆகும். தீர்க்கரேகை வேறுபாடு 1.13°. இப்பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 109 கி.மீ என்பதால் இது 123 கி.மீ ஆகும். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரசு தேற்றத்தைப் பயன்படுத்தினால் 282 கி.மீ கிடைக்கும்.

நிலவழித் தொலைவு

தொடர்வண்டி முதன்மைப் பாதை விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை எனக் கடற்கரையை ஒட்டி வந்து, பின்னர் மேற்கே திரும்பிக் கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூரை அடைகின்றது. இவ்வளைவே கூடுதல் தொலைவுக்குக் காரணம். விழுப்புரம் – மயிலாடுதுறைப் பகுதியை அகலப்பாதையாக மாற்றும் பணி 2010 ஆம் ஆண்டு நிறைவடைந்தது. அதுவரை அகலப்பாதை வழி திருச்சிராப்பள்ளியைச் சுற்றியே சென்றது. அதன் நீளம் ஏறத்தாழ 387 கி.மீ. சாலைவழி விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் ஊடாகச் செல்கின்றது.

விமானப் போக்குவரத்து

தஞ்சாவூர் விமான ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பயன்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் வாயுதூத் நிறுவனம் இங்கிருந்து நடத்திய பயணியர் சேவை நீடிக்கவில்லை. 2013 ஆம் ஆண்டு இந்திய வான்படைத் தளம் திறக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு சுகோய்-30 போர் விமான அணி ஒன்று இங்கு நிறுத்தப்பட்டது. பயணிகள் ஏறத்தாழ 60 கி.மீ தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்தையே பயன்படுத்துகின்றனர்.

பறப்பு நேரமும் பயண நேரமும்

மணிக்கு 500 கி.மீ வேகத்தில் செல்லும் சுழல்விசிறி விமானம் 282 கி.மீ தொலைவை 34 நிமிடங்களில் கடக்கும் என்பது கணக்கு. ஆனால் ஓடுதளத்தில் ஊர்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கும் நேரம் தேவை. இதனால் திருச்சிராப்பள்ளி – சென்னை விமான அட்டவணை நேரம் ஏறத்தாழ 1 மணி ஆகின்றது. முழுப் பயணத்தைப் பின்வருமாறு மதிப்பிடலாம்:

* தஞ்சாவூரிலிருந்து விமான நிலையம்: 1 மணி 15 நிமிடம்
* சோதனையும் காத்திருப்பும்: 1 மணி 30 நிமிடம்
* விமானம்: 1 மணி
* பெட்டிகளைப் பெற்று வெளியேறல்: 30 நிமிடம்
* மீனம்பாக்கத்திலிருந்து எழும்பூர்: 45 நிமிடம்

மொத்தம் 5 மணி நேரம். தொடர்வண்டிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 மணி நேரம் ஆகின்றது. எனவே விமானத்தால் மிஞ்சுவது ஓரிரு மணி நேரமே. இரவுத் தொடர்வண்டியில் செல்வோருக்குப் பகற்பொழுது முழுவதும் மிஞ்சுகின்றது. விமானத்திற்கு வெளியே செலவாகும் நேரம் தொலைவுக்கேற்பப் பெரிதும் மாறுவதில்லை. ஆதலால் தில்லி போன்ற தொலைதூர நகரங்களுக்குச் செல்லும்போதே விமானத்தின் வேகம் முழுப் பயன் தருகின்றது.