பிக்கப் டிரக்கிற்குப் பெரிய டயர், லெவலிங் கிட்: மாட்டும் முன் என்னென்ன பார்க்கணும்?

ஒரு பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்க. டொயோட்டா ஹைலக்ஸோ, இசுசு வி-கிராஸோ, முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் பின்பக்கம் கொஞ்சம் தூக்கியும் நிற்கும். வாங்கி ஆறு மாசம் ஆனதும் அது கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். இன்ஸ்டாவில் நாலு ரீல்ஸ் பார்ப்பீங்க. முன்பக்கம் ஏற்றி, பெரிய ஆல்-டெரெய்ன் டயர் போட்ட வண்டி. அடுத்த வாரமே கடையில் விலை கேட்பீங்க.

போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. எவ்வளவு பெரிய டயர், எவ்வளவு உயரம் என்பதில்தான் விஷயம் இருக்கு. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கு. கடையில் பெரும்பாலும் யாரும் பேசாத விஷயம் அது: சட்டமும் இன்சூரன்ஸும்.

மூக்கு ஏன் தாழ்ந்திருக்கு?

அது டிசைன் குறை இல்லை. பிக்கப்பின் பின்பக்கம் சுமைக்காகவே செய்யப்பட்டது. அங்கே இருப்பது லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். காலி வண்டியில் அவை நிமிர்ந்து நிற்கும். பின்னால் சில நூறு கிலோ ஏற்றினால் அமுங்கும், அப்போது வண்டி சமமாக நிற்கும். காலியாக இருக்கும்போதே முன்பக்கத்தை ஏற்றிச் சமமாக்கிட்டா, லோடு ஏற்றும் நாளில் என்ன ஆகும்? மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். முன் சக்கரத்தில் எடை குறைந்து ஸ்டீயரிங்கும் லேசாகும்.

உங்க பிக்கப்பில் வார இறுதியில் டென்ட்டும் சைக்கிளும் மட்டும்தான் போகுமா? பெரிய பிரச்சினை இல்லை. வீடு மாற்ற, பண்ணைக்குச் சாமான் ஏற்ற, அப்பாவின் கடைக்குச் சரக்கு எடுக்கவும் அதே வண்டிதான் என்றால், யோசிக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

லெவலிங் கிட் உண்மையில் என்ன செய்யுது?

பெரும்பாலான கிட்களில் இருப்பது ஒரு கனமான ஸ்பேசர், அவ்வளவுதான். முன் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் அதை வைத்துப் போல்ட் போடுவாங்க. ஸ்ட்ரட்டின் கீழ் முனை, சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மில் உள்தள்ளிப் பிடிக்கப்பட்டிருக்கும். அதனால் மேலே 25 மி.மீ. வைத்தால் முன்பக்கம் அதைவிட அதிகமாக, பல வண்டிகளில் இரண்டு மடங்கு வரை உயரும். 'ஒரு இன்ச் கிட்' என்று கடைக்காரர் சொன்னால், ஸ்பேசரின் தடிமன் ஒரு இன்ச்சா, வண்டி உயர்வது ஒரு இன்ச்சா என்று கேளுங்க. இரண்டும் ஒன்றில்லை.

முன்பக்கம் உயர்ந்ததும் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாயும். பால் ஜாயின்ட்டும், 4x4 என்றால் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட்டும் கூடுதல் கோணத்தில் வேலை செய்யணும். குழியில் சக்கரம் கீழே இறங்க இருந்த இடமும் குறையும். கேம்பரும் டோவும் மாறுவதால், கிட் மாட்டிய அன்றே வீல் அலைன்மென்ட் செய்யலைன்னா புது டயர் ஒரு ஓரமாகத் தேயும். அலைன்மென்ட் மெஷினில் அளவு வரம்புக்குள் வரவே இல்லை என்றால், வண்டியைத் தேவைக்கு மேல் ஏற்றிட்டீங்க என்று அர்த்தம்.

இரண்டு தவறான நம்பிக்கைகளைச் சொல்லணும். 'லெவல் பண்ணினா கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடும்' என்பது ஒன்று. முன்பக்கம் கூடும், உண்மைதான். ஆனால் கல்லில் அடிபடும் பின் டிஃபரன்ஷியல் அச்சோடு சேர்ந்தே இருக்கு. அதை உயர்த்த டயரால் மட்டும்தான் முடியும். 'லெவல் பண்ணினா பெரிய டயர் உரசாது' என்பது இன்னொன்று. நிற்கும்போது உரசாது. குழியில் விழுந்து சஸ்பென்ஷன் முழுசா அமுங்கும்போது, சக்கரம் முன்பு போன அதே இடம் வரைக்கும் போகும்.

டயர்: கணக்கைப் போட்டுப் பாருங்க

ஹைலக்ஸை எடுத்துக்கலாம். 265/65 ஆர்17 என்றால் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65%, ரிம் 17 இன்ச். மொத்த விட்டம் சுமார் 776 மி.மீ. டாப் வேரியன்ட்டின் 265/60 ஆர்18 டயர் எவ்வளவு? சுமார் 775 மி.மீ. ரிம் பெரிசு, டயர் பெரிசு இல்லை! பக்கச்சுவர்தான் மெலிந்திருக்கு. கரடுமுரடான பாதைதான் உங்க ஆசை என்றால் 17 இன்ச் ரிம்மே நல்லது.

இப்போ 265/70 ஆர்17 போட்டால் விட்டம் 803 மி.மீ., அதாவது 3.4% அதிகம். வண்டி உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. மட்டுமே. 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ., 7% அதிகம், உயர்வு 27 மி.மீ. டயர் கடைகளில் பொதுவாகச் சொல்லும் எல்லை 3%. அதைக் கொஞ்சம் தாண்டுவது வேறு, இரண்டு மடங்கு தாண்டுவது வேறு.

ஏன்னா, ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுற்றைத்தான் எண்ணுது. 7% பெரிய டயரில் மீட்டர் காட்டும் 100, கணக்குப்படி 107 கி.மீ. வேகம். கம்பெனி மீட்டர்கள் வழக்கமாக உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் சிறிய மாற்றம் அதில் கரைஞ்சுடும். 7% கரைவது கஷ்டம். பெங்களூரு–மைசூரு சாலையின் கேமராவிடம் போய் டயர் சைஸைக் காரணம் சொல்ல முடியாது. ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டுவதால், 10,000 கி.மீ. சர்வீஸுக்குப் போகும்போது வண்டி ஏற்கெனவே 10,700 ஓடியிருக்கும்.

கனமான டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். இழுவை குறையும், மைலேஜ் குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளலாம். மட்-டெரெய்ன் டயர் பற்றி ஒரு வார்த்தை: அலுவலகம் போய்வரும் வண்டிக்கு அது வேண்டாம். ஈரமான தார்ச்சாலையில் அதன் பிடி குறைவு, சத்தமோ தாங்காது.

பக்கச்சுவரில் இருக்கும் லோடு இண்டெக்ஸையும் பாருங்க. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். உங்க பழைய டயரின் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயராக வாங்குங்க. ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற வண்டிகளில் 4H போடும்போது முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படும். ஒரு சக்கரம் மட்டும் வேற சைஸில் இருந்தால், அந்தச் சுமை முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் விழும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக விளக்கியது. கேரள உயர் நீதிமன்றம் காட்டிய தளர்வை அது ஏற்கவில்லை. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

'தனியார் வண்டி ஆர்சியில் டயர் சைஸே இல்லையே, யார் கேட்பாங்க?' என்று கடையில் சொல்வாங்க. இது பாதி வாதம்தான். ஆர்சியில் இல்லாவிட்டாலும் தயாரிப்பாளரின் ஸ்பெசிஃபிகேஷனில் டயர் அளவு இருக்கு. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஓனர்ஸ் மேனுவலும் அனுமதிக்கும் அளவுகளைப் பட்டியலிடும். அந்தப் பட்டியலுக்குள், அதாவது உங்க மாடலின் வேறு வேரியன்ட்டில் வரும் அளவுக்குள் இருந்தால், கேள்வி வந்தால் காட்ட உங்க கையில் ஆதாரம் இருக்கும். வெளியே போனால் இல்லை. வணிக வாகனமாகப் பதிவான பிக்கப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றின் பதிவு விண்ணப்பத்திலேயே டயர் அளவு எழுதப்படுது.

சாலையில் போலீஸ் மடக்குவதைவிடப் பெரிய ஆபத்து, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்ப்பதுதான். சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்மைக் குறைக்கவோ நிராகரிக்கவோ காரணமாகலாம். அதனால் மாட்டுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்க. போனில் 'ஓகே சார்' என்று சொன்னது நாளைக்கு உதவாது. வாரண்டி பற்றி ஷோரூமிடமும் அதேபோல எழுத்திலேயே கேளுங்க.

முடிவெடுத்துட்டீங்களா? அப்போ ஒன்றொன்றாகச் செய்யுங்க. முதலில் அனுமதிக்கப்பட்ட அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் மட்டும் போட்டு ரெண்டு மாசம் ஓட்டுங்க. பலருக்கு ஆசை அங்கேயே அடங்கிடும். அதன் பிறகும் கிட் வேணும்னா, குறைந்த உயரமுள்ளதை எடுங்க. மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, வீல் ஆர்ச்சிலும் மட் ஃப்ளாப்பிலும் உரசுதா என்று கடையிலேயே பாருங்க. அலைன்மென்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்து வாங்குங்க. ஹெட்லைட்டை இறக்கச் சொல்லுங்க. கழற்றிய பழைய டயர்களை மட்டும் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் உடனே விட்டுடாதீங்க. வண்டியை விற்கும்போதோ, எஃப்சி ஆய்வுக்குப் போகும்போதோ அவை திரும்பத் தேவைப்படலாம்.